சக்கரவர்த்தி வாய் வைக்காத தண்ணீர்

எருமை படுத்தெழும்பிய தண்ணீரை ஒரு மனிதர் கையால் அள்ளி வாய்க்குள் விட்டுக்கொண்டதைக் கண்டதும் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரோ கண்ணை மூடி, அதைக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டி, கலியாண வீட்டுச் சமையற்காரர் ஆணம் பதம் பார்ப்பதுபோல நின்றார். பிறகு எட்டத் துப்பினார். துப்பிய கையோடு, "நல்ல தண்ணி, ஊத்து" என்றார். பக்கத்தில் நின்ற ஆள் தண்ணீர் இறைக்கும் மிசினின் வாய்க்குள் ஒரு வாளித் தண்ணீரை வார்த்தான். அவர் சில்லில் கயிற்றைச் சுற்றி ஒரே இழுவை இழுத்தார். மிசின் இரண்டு தரம் இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. ஆற்றுத் தண்ணீர் குழாயால் மேலேறி வந்து வயலுக்குள் விழுந்தது. நான் குமட்டலை மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அது ஐம்பதாம் ஆண்டு. நான் கல்முனையில் மெதடிஸ்ட் பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மாமனார் காலமானதும், மாவடிப்பள்ளிக்குக் கிட்ட ஆற்றோரம் கிடந்த மாமியாரின் இரண்டு ஏக்கர் வயல் என் தலையில் வந்து விழுந்தது. வெண்கட்டி பிடித்த கைக்கு மண்வெட்டி எப்படிப் பொருந்தும்? ஆனாலும் போனேன். போகாவிட்டால் வீட்டில் சோறு கிடைக்கும், மரியாதை கிடைக்காது.

எங்கள் வட்டைக்கு, அதாவது அந்த வயல்வெளி முழுவதுக்கும், குளத்து வாய்க்கால் இருந்தது. மாரிப் போகத்தில் அது போதும். மழை ஓய்ந்த பிறகு வருகிற பின்மாரிப் போகத்து வெயிலில் வாய்க்கால் பாதி வழியிலேயே வற்றிப்போகும். பிறகு ஆறுதான் கதி. ஆற்றுக்கு ஒரு நுனி கடலில். முகத்துவாரத்து மணல்மேடு மூடிக் கிடந்தால் உள்ளே நல்ல தண்ணீர். மேடு உடைந்தால் கடல் ஏறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உப்புத் தண்ணீரை ஒரு நாள் பாய்ச்சினால் அந்த வெள்ளாமையைப் பிறகு மாட்டுக்கும் போட முடியாது. அதனால்தான் அவர் நாக்கு. மிசின் போடுமுன் ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு இடத்திலும், ஒரு வாய் நிறைய.

அவர் நல்ல உயரம், ஒல்லி. மிசின் சத்தத்தில் ஒரு காது மந்தம், ஆகையால் மெல்லக் கதைக்கத் தெரியாது. சாரத்துக்கு மேல் அகலமான பச்சை வார், தலையில் மண்ணெண்ணெய்க் கறை பிடித்த தொப்பி. யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல்களின் அடித்தட்டுத் தண்ணீரை இறைக்கிற வேலை செய்தவர். "பம் நிண்டாக் கப்பல் தாழும் மாஸ்டர். கப்பித்தான் தாழமாட்டான், அவன் போட்டில ஏறிருவான். தாழ்றது நாங்கதான்" என்பார். யுத்தம் முடிந்து, கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போட்டபோது இந்த மிசினை வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார். அப்போது எங்கள் பக்கத்தில் வேறு மிசின் கிடையாது.

சக்கரவர்த்தி என்ற பட்டம் அவருக்கு வந்த கதையில் என் பங்கும் இருக்கிறது. அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் நானே போட வேண்டும்போல இருக்கிறது.

சம்மாந்துறைப் பெரிய போடியார் ஒருவருக்கு எங்கள் வட்டையில் நாற்பது ஏக்கர். ஒரு நாள் காரிலிருந்து இறங்கி வந்து, "மிசினத் தூக்கி என்ட மேல்வயலுக்கு முதல் போடு" என்றார். இவர் மிசினை விட்டு எழும்பவில்லை.

"கடைக் கண்டத்துக்குத்தான் முதல், போடியார். வாய்க்கால் தண்ணி அங்க எட்டுறதே இல்ல. உங்களுக்கு நாளண்டைக்கு."

"என்னையா காத்து நிக்கச் சொல்றாய்? நீ என்ன, பெரிய சக்கரவர்த்தியாடா?"

அந்தப் போடியாரிடம் அப்படி ஒருவர் கதைத்து நான் கேட்டதில்லை. இவர் கோபப்படவே இல்லை. வரம்பில் நின்ற என்னைக் கிறுகிப் பார்த்து, "மாஸ்டர், சக்கரவர்த்தி எண்டா ஆரு?" என்று கேட்டார்.

படிப்பிக்கிறவனுக்கு வாய் சும்மா கிடக்குமா? சந்தர்ப்பம் தெரியாமல் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டேன். "ராசாமாருக்கெல்லாம் மேல உள்ள ராசா. லண்டனில இருக்கிற எங்கட ராசாவும் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி எண்டுதான் பேர் வைச்சிருந்தவர். இந்தியா கைவிட்டுப் போன புறகு அந்தப் பேரை விட்டிட்டார்."

"விட்டிட்டாரா?"

"ஓம். நாடு போன புறகு பேரை வைச்சு என்ன செய்யிற?"

"அப்ப இப்ப அந்தப் பேரு சும்மாதான் கிடக்குது?"

"சும்மாதான் கிடக்கு" என்றேன் நான், மடையன்.

அவர் போடியாரைப் பார்த்து, "ஓம் போடியார், நான்தான்" என்றார். பெற்றோல் பெட்டியை இழுத்துப் போட்டு அதன்மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். போடியாரின் முகம் கறுத்துப்போனது. அடி விழப்போகிறது என்று நான் பின்னுக்குப் போனேன். ஒன்றும் விழவில்லை. வெள்ளாமை வாடிக்கொண்டிருந்தது, மிசின் ஒன்றே ஒன்று. போடியார் நாளன்றைக்கு வரை காத்து நின்றார்.

அடுத்த கிழமை வட்டை முழுக்க அதே பேர். பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் கிறுகியும் பார்க்கமாட்டார். மந்தக் காது அந்த நேரத்தில் நல்ல உதவி. அந்தச் சொந்தப் பேரை நானும் எழுதப்போவதில்லை.

பள்ளிவாசல் லெப்பை ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வழியில் மறித்து, "ராசாதிராசா எண்டுற பேரு அல்லாஹ்வுக்கு மட்டுந்தான். மனிசன் அத வைச்சா, பேருகளிலேயே அந்த அல்லாஹ்வுக்குப் பிடிக்காத பேரு அதுதான், தெரியுமா?" என்றார்.

"இது வெள்ளக்கார ராசா கழட்டிப் போட்டுட்டுப் போன பேரு, லெப்பை. பழஞ்சட்டைய எடுத்துப் போட்டாலும் குத்தமா?"

லெப்பை "அஸ்தஃபிருல்லாஹ்" என்று காதைப் பொத்திக்கொண்டு போனார். நான் சிரித்தேன். பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தும் கூசியிருக்கிறேன்.

மிசின் வயலுக்கு மட்டுமல்ல. கலியாண வீடு வந்தால் கிணறு இறைக்க, மழைக்குக் கடைத்தெருவில் தண்ணீர் நின்றால் வடிக்க, அரிசி ஆலைத் தொட்டியை நிரப்ப, எல்லாவற்றுக்கும் அதுதான். ஆனால் கட்டளை அவருடையது. எந்தத் தண்ணீர் எங்கே போகவேண்டும் என்று வேறு யாரும் சொல்லக்கூடாது. ஒரே ஒரு எல்லையை மட்டும் ஒத்துக்கொண்டிருந்தார். "இருபத்தஞ்சு அடிக்குக் கீழ தண்ணி கிடந்தா இது இழுக்காது மாஸ்டர். அந்த ஆழம் மட்டுந்தான் என்ட ராச்சியம். அதுக்குக் கீழ அல்லாஹ்."

ஒரு வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஓலைக்கடை வரிசையில் நெருப்புப் பிடித்தது. ஜும்ஆத் தொழுகைக்கு ஆட்கள் கூடுகிற நேரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இவர் மிசினைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு பள்ளிவாசலுக்குள் நுழைந்து, தொழப்போகிறவர்கள் கைகால் கழுவி ஒளுச் செய்கிற ஹவுளுக்குள் குழாயை இறக்கிவிட்டார். ஒருவரையும் கேட்கவில்லை. அந்தப் பெரிய தொட்டி அரை மணித்தியாலத்தில் வறண்டது. நான்கு கடை எரிந்தது, மிச்சம் தப்பியது. ஒளுச் செய்யத் தண்ணீர் இல்லாமல் ஊரே நிற்கிறது, பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மார் குதிக்கிறார்கள். இவர் புகை படிந்த முகத்தோடு உரத்துச் சொல்கிறார், "தண்ணி இல்லாட்டி மண்ணத் தடவித் தயம்மும் செய்யலாமெண்டு மார்க்கம் இடம் தந்திரிக்கி. எரியிற ஓலைக்கு இடம் தந்திரிக்கா?"

நான் திகைத்துப்போனேன். என் கோயிலில் ஞானஸ்நானத் தொட்டியில் யாராவது குழாயை விட்டிருந்தால் நாங்கள் என்ன செய்திருப்போம்? அவர்களோ கொஞ்சநேரம் சத்தம்போட்டுவிட்டு, மண்ணைத் தடவிக்கொண்டு தொழுதார்கள். அந்த லெப்பைதான் முன்னுக்கு நின்றார்.

அவருக்கு உதவிக்குத் தம்பிலுவில் என்ற தமிழூர் ஆள் ஒருவன் இருந்தான். வாளி தூக்குகிறவன். ஒரு நாள் இவர் லுஹர் தொழப் போன நேரம், குழாய் தண்ணீரை விட்டு வெளியே வந்ததைக் கவனிக்காமல் அவன் தூங்கிவிட்டான். மிசின் வெறும் வாயோடு ஓடி உள்ளே கருகிவிட்டது. வயல்காரர் பாய்ந்து வந்தார். தம்பிலுவில் ஆள் மிசினுக்குப் பின்னால் ஒதுங்கினான். தொழுதுவிட்டு வந்த இவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நான்தான் ஓட விட்டன். ரெண்டு நாளில செய்து தாறன்" என்றார்.

"நீங்க தொழுதுகொண்டிருந்தீங்களே!" என்றேன் நான் பிறகு. எனக்குக் கோபம்.

"சக்கரவர்த்திக்கு மந்திரி இல்ல, மாஸ்டர். ஓடினாலும் நான், எரிஞ்சாலும் நான்."

பெருமைக்காரன் என்று அன்றைக்கு மனதுக்குள் திட்டினேன்.

அடுத்த ஆண்டுப் பின்மாரியில் நோன்பு மாதம் வந்து சேர்ந்தது. கடும் வெயில். வாய்க்காலில் நண்டு வளை மட்டும் மிச்சம். வெள்ளாமை குடலைப் பருவம், கதிர் தாளுக்குள் அடங்கியிருக்கிற நேரம். அந்த நேரத்துத் தண்ணீர்தான் நெல்லா பதரா என்று தீர்மானிக்கிறது.

கடைக் கண்டம், அதாவது வாய்க்காலின் கடைசி வயல், ஆசியா உம்மாவுடையது. புருஷன் இல்லாத பெண்பிள்ளை. மூன்று ஏக்கர், ஒரு மகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் ஏது? மகளுக்குக் கட்டிய வீடு சுவர் மட்டத்தில் நின்றது. இந்த வெள்ளாமையை வெட்டி ஓடு போட்டால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டார் நாள்கூடப் பார்த்துவிட்டார்கள். ஆசியா உம்மா ஒவ்வொரு நாளும் வரம்பில் வந்து நின்று தாளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவா.

நோன்பில் தண்ணீரை வாயில் வைப்பது எப்படி? சக்கரவர்த்தி லெப்பையிடம் கேட்டிருக்கிறார். விழுங்காமல் துப்பினால் பாதகமில்லை, பெண்கள் கறிக்கு உப்புப் பார்ப்பதில்லையா என்று லெப்பை சொல்லியிருக்கிறார். இவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க பாக்கிற நாக்கு நுனியில. நான் பாக்கிற வாய் நிறைய. ஒரு சொட்டும் தொண்டைக்குள்ள போகல்ல எண்டு என்னால சத்தியம் பண்ணேலா." ஆகவே அந்த மாதம் தம்பிலுவில் ஆள் வாய் வைத்தான். நாக்குத் தேர்ந்தவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நோன்பு பதினாறாம் நாள் அவன் தன் ஊருக்குக் கோயில் சடங்குக்குப் போய்விட்டான்.

அன்றைக்கு ஆற்றங்கரையில் இவரும், வரம்பை வெட்டிவிட மண்வெட்டியோடு ஆசியா உம்மாவின் தம்பியும், அடுத்த முறைக்காரனாகிய நானும் நின்றோம். ஆசியா உம்மா கண்டத்து ஓரத்தில் நின்றா. நண்பகல் வெயில். அவர்கள் மூவருக்கும் நோன்பு. உதடு வெடித்து, வாயோரம் வெள்ளை பிடித்திருந்தது.

அவர் மிசின் வாய்க்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டே, "மிசினுக்கு மட்டும் நோம்பில்ல, பாருங்க" என்று சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மாஸ்டர், உங்களுக்கும் இல்லதானே. ஒரு வாய் பாத்துச் சொல்லுங்க."

நான் கல்முனையில் பிறந்து வளர்ந்தவன். நோன்பு மாதத்தில் பகலில் தெருவில் நின்று நாங்கள் தண்ணீர் குடித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் வகுப்பில் தேத்தண்ணீர் வராது. யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் பழகிவிட்டோம். வாய் காய்ந்து நிற்கிற மனிதர் மூவருக்கு முன்னால், தண்ணீரை அள்ளி, வாய் நிறைய விட்டு, உருட்டி, துப்புவதா? என் கை கூசியது. எருமைத் தண்ணீர் என்ற அருவருப்பும் கொஞ்சம் இருந்தது, மறைக்கமாட்டேன். குனிந்து ஒரு கை அள்ளினேன். அவர்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். மீசையை நனைத்தேன். மிச்சத்தைக் கீழே விட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

"நல்ல தண்ணி" என்றேன்.

அவர் என் மீசையை ஒரு தரம் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்தார். ஆசியா உம்மாவின் தம்பி வரம்பை வெட்டிவிட்டான். பின்னேரம் அஸர் பாங்கு கேட்கும்வரை மிசின் ஓடியது. தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் தாள் நிமிர்ந்ததுபோல எனக்குத் தெரிந்தது. ஆசியா உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தத் தரணும்" என்றா. அவரைப் பார்த்துத்தான் சொன்னா. நானும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டேன்.

நாளைக்கு என்னுடைய முறை. ஆனால் மறுநாள் மிசினில் ஏதோ கோளாறு, கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில் வயலுக்குப் போனேன். வட்டையில் ஆட்கள் கூடி நின்றார்கள். கடைக் கண்டத்து வரம்போரம் தண்ணீர் சுண்டிய இடத்தில் வெள்ளை பூத்திருந்தது. இலை நுனிகள் எல்லாம் நெருப்பில் வாட்டியதுபோலச் சுருண்டு கிடந்தன. முகத்துவாரப் பக்கத்து மீன்காரன் ஒருவன், பௌர்ணமியன்று கடல் பெருத்து மணல்மேட்டை உடைத்துவிட்டதென்று சொல்லிக்கொண்டிருந்தான். பின்மாரியில் மேடு உடைந்ததை எங்கள் ஆட்கள் அதற்குமுன் கண்டதில்லை. பாழாய்ப்போன கடல், அந்த ஆண்டா பார்த்தது!

அப்போதுதான் அவர் வந்தார்.

நேரே கண்டத்துக்குள் இறங்கினார். முழங்காலில் விழுந்தார். தாளடியில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சேறோடு அள்ளினார். பட்டப்பகல், நோன்பு மாதம், ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் அதை வாய்க்குள் விட்டார். உருட்டினார். நாங்கள் அவர் துப்புவார் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் துப்பவில்லை. தொண்டை ஏறி இறங்கியது. விழுங்கிவிட்டார்.

"யா அல்லாஹ்! நோம்பு! நோம்பு!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் முழங்காலிலேயே கிடந்து, வாயோரம் சேறு வழிய, "விட்ட நோம்பப் புறகு ஒரு நாளைக்குக் கழாப் பிடிக்கலாம்" என்றார். வழக்கமான அந்த உரத்த குரல் இல்லை. "இந்த வெள்ளாமைய எப்பிடிக் கழாச் செய்யிற? சொல்லுங்கடா. எப்பிடிச் செய்யிற?"

நான் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஆசியா உம்மா அழவும் இல்லை, ஏசவும் இல்லை. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. என் பக்கத்தில் வந்து நின்று, கருகிய தாளொன்றை உரித்துப் பார்த்தா. உள்ளே குருத்துக் கதிர் நிறம் மாறியிருந்தது. "மாஸ்டர், உங்கட வயலுக்குப் பாயல்லதானே?" என்று கேட்டா.

"இல்ல" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ். அதாவது தப்பிச்சே."

நான் அந்த வரம்பில் செத்துப்போயிருக்கலாம்.

அன்று அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் முற்றத்தில் விசாரணை. மரைக்காயர்மார் உட்கார்ந்திருந்தார்கள். நான் மதிலோரம் நின்றேன். மூத்த மரைக்காயர் கேட்டார், "அண்டைக்குத் தண்ணி பாத்தது ஆரு?"

இதோ, என் பேர் வரப்போகிறது. ஒருவகையில் வரட்டும் என்றும் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவே இல்லை; என் பக்கம் திரும்பிய ஆசியா உம்மாவின் தம்பியை ஒரு பார்வையில் அடக்கிவிட்டுச் சொன்னார்.

"ஒருத்தரும் பாக்கல்ல. பாக்காமத்தான் நான் மிசினப் போட்டன்."

"ஏன் பாக்கல்ல?"

"நோம்பு."

"நோம்பு இல்லாத ஒரு மனிசனக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடல்ல. என்ட பிழை."

கூட்டத்தில் ஒருவன், "அல்லாஹ்ட பேரத் தூக்கித் தனக்கு வைச்ச பலன்" என்றான். பலர் தலையாட்டினார்கள். அவரோ மிசினின் கயிற்றை மடியிலிருந்து எடுத்து மரைக்காயர் முன்னால் வைத்தார். "மிசின் இனி ஆசியா உம்மாட. நான் அவட கூலிக்காரன்." பிறகு எழுந்து போனார். நான் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பொய் சொன்னால் பிரம்பெடுக்கிற மாஸ்டர் நான்!

வீட்டுக்கு ஓடு ஏறவில்லை. மாப்பிள்ளை வீட்டார் இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் முடித்தார்கள். மிசின் உழைப்பில் ஆசியா உம்மா இரண்டு வருடம் கழித்து வீட்டை முடித்து, மகளை மருதமுனைப் பக்கத்தில் கட்டிக்கொடுத்தா. கட்டிக்கொடுத்ததுதான், ஆனால் முதலில் பேசிய பையனை அந்தப் பிள்ளைக்குப் பிடித்திருந்ததென்று பிறகு என் மனைவி சொல்லக் கேட்டேன்.

ஒரு வருடம் இதைச் சுமந்துகொண்டு திரிந்தேன். அடுத்த பின்மாரியில், நோன்பு முடிந்து பெருநாளும் போன பிறகு, என் வயலுக்கு முறை வந்தது. ஆற்றங்கரையில் அவரும் நானும் மட்டும். தம்பிலுவில் ஆள் வரம்பு வெட்டப் போயிருந்தான். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று, "சக்கரவர்த்தி" என்று தொடங்கினேன்.

"அந்தப் பேரு வேணாம் மாஸ்டர். நாடு போனாப் பேரும் போகணும். நீங்கதானே படிப்பிச்ச? வெள்ளக்காரனுக்கே அந்த வெக்கம் இருந்திச்சே."

"காக்கா" என்று, ஊர்ப் பிள்ளைகள் அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டேன். "உங்களுக்கு நான் ஒண்டு சொல்ல வேணும். அண்டைக்கு நான் அந்தத் தண்ணிய வாயில வைக்கல்ல."

அவர் சில்லில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"வாயில வைச்சவன் துப்புவான். நீங்க துப்பல்ல. மீசையத் துடைச்சீங்க. நான் பாத்துக்கொண்டுதானே நிண்டன்."

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல இருந்தது. ஒரு வருடம் நான் ஒளித்து வைத்திருந்தது அவருக்கு முன்னால் அம்மணமாகக் கிடந்திருக்கிறது! வெட்கம் கோபமாக மாறியது. பிழை அவருடையது என்பதுபோலக் கத்தினேன். "தெரிஞ்சு என்னத்துக்கு மிசினப் போட்டீங்க? திரும்பப் பாருங்க எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

அவர் பெற்றோல் பெட்டியில் உட்கார்ந்தார். கால்மேல் கால் போடவில்லை.

"நாங்க வாய் காஞ்சு நிக்கிறம் எண்டு நீங்க தண்ணிய வாயில வைக்கல்ல. எங்கட நோம்புக்கு நீங்க தந்த மரியாத அது. அதுக்கு நான், 'மாஸ்டர், பொய் சொல்றீங்க, திரும்ப வையுங்க' எண்டு எந்த வாயால சொல்ற? மேடும் இந்தக் காலத்தில உடையிறல்ல எண்டு நினைச்சன். மரியாதயப் பாத்தன் மாஸ்டர். தண்ணியப் பாக்கல்ல. பம் ஓட்டுறவன் தண்ணியத்தான் பாக்கணும்."

"அப்ப பள்ளிவாசலில என்ட பேரைச் சொல்லியிருக்கலாம்."

"சொல்லி? உங்கட நல்ல மனசுக்குத் தண்டனை குடுக்கச் சொல்றதா?"

என் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் முயலவில்லை. "ஆசியா உம்மாட்ட நான் சொல்லட்டா?" என்று கேட்டேன். "அது உங்கட ராச்சியம்" என்றார். நான் சொல்லவில்லை. நாளைக்கு, பெருநாளுக்கு, வெள்ளாமை வெட்டின பிறகு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவ மௌத்தாகும்வரை என்னைக் கண்டால் சிரித்த முகத்தோடுதான் நின்று கதைத்தா. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவர் எழும்பி மிசின் வாய்க்கு ஒரு வாளி வார்த்தார். பிறகு குனிந்து ஆற்றில் ஒரு கை அள்ளி என் முன்னால் நீட்டினார். விரலிடுக்கால் தண்ணீர் சொட்டியது.

"இண்டைக்கு ஒருத்தருக்கும் நோம்பில்ல. பாத்துச் சொல்லுங்க."

அந்தக் கையிலிருந்தே வாய் நிறைய வாங்கினேன். சேறு, பாசி, மண்ணெண்ணெய் வாடை. கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டினேன். உப்பைத் தேடினேன். நெடுநேரம் தேடினேன். பிறகு எட்டத் துப்பினேன்.

"நல்ல தண்ணி" என்றேன்.

அவர் நான் துப்பிய இடத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு கயிற்றை இழுத்தார்.